கோர்ட் கலையும் வரை

காலை மாற்றிப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி கிடைத்தவர் உட்காருகிற உட்காரல் அது. இதுதான் தண்டனையாம். சாயங்காலம் ஜட்ஜ் எழுந்து உள்ளே போகிற வரைக்கும் இந்த ஹாலிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான், ஜட்ஜ் போனதும் என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி தண்டனையை முழுசாக அனுபவித்து முடித்தவர் ஆகிவிடுவார். ஒரு மனுஷனைக் காரால் அடித்துக் கொன்றதற்கு ஒரு பகல் பெஞ்சில் உட்கார வேண்டும், அதுவும் ஃபேனுக்கு நேர் கீழே. கீழ்க்கோர்ட்டில் ஒரு வருஷம் ஜெயில் என்றபோது இதே ஆளுக்குத் தொடை நடுங்கியதை நான் பார்த்தேன். இன்று காலையில் இந்தக் கோர்ட்டு ஜட்ஜ், குற்றம் குற்றம்தான், ஆனால் ஒரு வருஷம் அதிகம், கோர்ட் கலையும் வரை காவல் போதும் என்று படித்து முடித்ததும் அந்தத் தொடையே காலாட்டிக்கொண்டிருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வக்கீல் சென்னியப்பன் அவர் காதில் சொல்லிச் சிரிக்கிறான். யார் தலைக்கு வந்தது? ஆறுச்சாமி தலைக்கு வந்தது ஆறுச்சாமியோடுதான் போனது. அதை யார் சொல்வது, இந்த ஹாலில் ஆறுச்சாமிக்காக வந்திருப்பது அவன் பெண்டாட்டி துளசிமணி ஒருத்திதான், அவளும் நான் உட்கார்ந்திருக்கிற இதே கடைசி பெஞ்சின் மறுகோடியில், மடியில் ஒயர் கூடையை வைத்துக்கொண்டு, அந்தக் காலாட்டலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் என்னிடம் கேட்டாள், உங்களுக்கு என்ன கேசுங்க்கா என்று. சொந்தக்காரங்க கேசு என்றேன். பொய்யும் இல்லை. அப்போது பேப்பரில் வந்த போட்டோவிலிருந்து அவளை எனக்குத் தெரியும், வருஷக்கணக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தவளுக்கு என்னைத் தெரியாது. எப்படித் தெரியும், இந்த வழக்கில் நான் கிடையாது. இன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைக் கூட்டி வந்தார், அதுவும் பையைத் தூக்க. ஜட்ஜ் அந்த ஒரு வருஷத்தையே உறுதிப்படுத்திவிட்டால் இங்கிருந்து நேராக ஜெயிலுக்குத்தான், அதனால் செல்போன், பர்ஸ், வாட்ச், மோதிரம், கார் சாவி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி என் கைப்பையில் போட்டார். சிங்கம் மாதிரி இருந்தவர் அந்த ஒரு நிமிஷம் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை மாதிரி நின்றார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தீர்ப்பில் என்னென்னவோ இருந்தது. கண நேரக் கவனக்குறைவு என்று வந்தது. கண நேரமாம். அந்த ஜட்ஜ் ஒரு தடவை இவர் ஓட்டுகிற வண்டியில் ஏறிப் பார்க்கட்டும், கவனம்தான் கண நேரம், குறைவு மீதி நேரம் முழுக்க. முன்பு எந்தக் குற்றமும் செய்யாதவர், சர்க்கரை நோயாளி, அவரை நம்பி மனைவி இருக்கிறார் என்றும் வந்தது. மனைவி என்று அங்கே வந்தது நான். நானேதான். காகிதத்தின்படி விபத்து நடந்த காரில் நான் இல்லை, போலீஸ் எழுதியதில் இல்லை, சாட்சிகளில் இல்லை, ஆனால் இரக்கம் கேட்கிற இடத்தில் மட்டும் நான் இருக்கிறேன், தலைவாழை இலையில் ஊறுகாய் மாதிரி ஓரமாக. அப்பீல் போடுகிறதற்கு முன்னால் சென்னியப்பன் வீட்டுக்கு வந்து என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே இவருக்குப் பாடம் எடுத்தான். "நாம போடற அப்பீலுங்ண்ணா இது. கொறஞ்சா கொறையும், இல்லாட்டி இருக்கறது அப்பிடியே நிக்கும். கூட்டறதுக்கு அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லீங்க. கூட்டோணும்னா கவர்மெண்டு தனியா அப்பீல் போடோணும், அவிய எங்க போடப்போறாங்க?" இவர் நம்பவில்லை, நெசமாவா, நெசமாவா என்று மூன்று தடவை கேட்டார். கோழித் தீவன மூட்டைக்கு விலை பேசும்போது ஏறவே ஏறாது, இறங்க மட்டும் செய்யும் என்று எவனாவது சொன்னால் இவரே அவனை ஏமாற்றுக்காரன் என்று விரட்டியிருப்பார். சட்டம் சொன்னதும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தண்டனை பெற்றவன் நடுங்காமல் மேல் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு, நிரபராதி ஒருத்தன் மாட்டிக்கொண்டால் பயப்படாமல் அப்பீல் செய்யலாம் இல்லையா என்று சென்னியப்பன் விளக்கினான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நிரபராதிக்குத் திறந்து வைத்த கதவில் முதலில் நுழைகிறவன் எப்போதுமே இந்த மாதிரி ஆளாகத்தான் இருக்கிறான், அது சட்டத்தின் குற்றமா என்ன, கோயிலில் அன்னதானம் போட்டால் முதல் பந்தியில் பண்ணையார்தான் உட்காருகிறார்.

இப்போது ஒரு பாகப்பிரிவினை அப்பீல் நடக்கிறது. ஒரு கிணற்றுக்காக இரண்டு அண்ணன் தம்பிகள். வயதான வக்கீல் ஒருவர் ஒரே விஷயத்தைப் பத்து விதமாகச் சொல்கிறார், ஜட்ஜ் கொட்டாவியை அடக்குகிறார், வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலிகூடத் தூணில் சாய்ந்துவிட்டான், எல்லோரும் அந்தக் கிழவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் நல்லா இருங்க ஐயா, இன்னும் பேசுங்க ஐயா என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கோர்ட் கலையக்கூடாது. அவருக்குக் கலைந்தால் விடுதலை. எனக்குக் கலைந்தால் அந்தக் கார். கருவேல மரத்தடியில் நிற்கிறது, வெயிலில் சூடேறிப்போய், முன் சீட்டில் காலையில் நான் விட்டுவிட்டு வந்த துண்டு கிடக்கிறது. லைசென்ஸைப் பற்றி எந்தக் கோர்ட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆளைக் கொன்றது குற்றம் என்று இரண்டு கோர்ட்டும் சொல்லியாயிற்று, சாவியை வாங்கி வைக்க வேண்டும் என்று இரண்டுக்கும் தோன்றவில்லை. காலையில் வரும்போதே பார்த்தேனே, தயிர் சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய் வைத்தேனா நார்த்தங்காய் வைத்தேனா என்று ஆரம்பித்தார், நார்த்தங்காய் என்றேன், அதற்கு ஒரு பாட்டு, ஜெயிலுக்குப் போறவனுக்கு நார்த்தங்காய்தான் போதும்னு நெனச்சுட்டயா என்று. ஸ்டியரிங்கில் ஒரு கை, முகம் முழுசாக என் பக்கம். என்ற மூஞ்சியப் பாத்துப் பேசு புள்ள. அதுதான் இவருடைய சட்டம். இவர் திட்டும்போது நான் இவர் முகத்தைப் பார்க்க வேண்டும், நான் பார்க்கிறேனா என்று இவர் என் முகத்தைப் பார்ப்பார். கார் தானாகப் போகும். எதிரே வந்த கரும்பு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான், நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், இவர் சாவகாசமாக ஒடித்துவிட்டுச் சிரித்தார். "எத்தன வருசமா ஓட்டறேன், உனக்கு இன்னும் நம்பிக்கை வல்லியா?" அது எந்த இடம் என்று இவருக்கு ஞாபகம்கூட இல்லை. புளியமரத்துப் பிரிவு. ஆறுச்சாமி செத்த இடம்.

ஆறுச்சாமியை நான் பார்க்கவில்லை. இதுதான் திரும்பத் திரும்ப வந்து முள் மாதிரி மாட்டுகிறது. முன் சீட்டில் இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் முழுசாக இருந்தான், வெயில் இருந்தது, ரோடு நேராக இருந்தது, நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது இவர் முகம். மூக்கு விடைத்திருந்தது, பல்லிடுக்கில் விருந்தில் சாப்பிட்ட கறிவேப்பிலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது, அதைக்கூட இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். பங்காளி வீட்டுக் காது குத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழி, இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லாத சின்னப் பங்காளியின் பெண்டாட்டி எனக்குத் தாம்பூலம் கொடுத்தாள், நான் வாங்கிச் சிரித்துவிட்டேன். அதுதான் குற்றம். அவகிட்ட என்ன உனக்கு இளிப்பு. நாங்க பேசாத எடத்துல நீ எப்பிடிப் பல்லக் காட்டுவே. மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சத்தம் மட்டும்தான் கேட்டது, தேங்காய் மூட்டை விழுந்தது மாதிரி, அப்புறம் கார் மண்ணில் இறங்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் மொபெட் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மொபெட் ஹேண்டிலில் காலி தண்ணீர் பாட்டில் கட்டியிருந்தது, டேங்க் மூடி திறந்துகொண்டு ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்து போயிருக்கிறான். தள்ளிக்கொண்டு போகிற வண்டி எப்படித் திடீரென்று குறுக்கே வரும்? ஆனால் இவர் சொன்னது அதைத்தான், குறுக்கே வந்துட்டானுங்க, குறுக்கே வந்துட்டானுங்க. பின்னால் ஊராருக்கும் போலீசுக்கும் சொன்னது அது. அதற்கு முன்னால் இறங்கியதும் முதலில் சொன்னது என்ன என்று எனக்குத்தான் தெரியும். கீழே கிடந்தவனைப் பார்த்து, அவன் கண் இன்னும் திறந்திருந்தது, உதடு அசைந்தது, அவனைப் பார்த்து, "கண்ணு தெரியலயா உனக்கு?" என்றார்.

போலீஸ் வருவதற்குள் கொழுந்தனார் வந்துவிட்டார், சென்னியப்பன் போனிலேயே எல்லாம் சொல்லிவிட்டான், என்னை பைக்கில் ஏற்றி வீட்டுக்குத் தாட்டிவிட்டார்கள். வூட்டுப் பொம்பளைங்க ஸ்டேசன்லயும் கோர்ட்டுலயும் வந்து நிக்கலாமா, நம்ம குடும்பத்துல அப்பிடிப் பழக்கம் உண்டா என்றார்கள். என்ன ஒரு மரியாதை. கவுரவத்துக்காக என்னைக் காரிலிருந்து இறக்கினார்கள், இறக்கினவர்கள் காகிதத்திலிருந்தும் இறக்கிவிட்டார்கள். காரில் தனியாக வந்தேன் என்று இவர் எழுதிக் கொடுத்தார். தனியாக வந்தவர் யாரைத் திட்டிக்கொண்டு வந்திருப்பார், தன்னைத்தானேவா? அதற்குப் பிறகு வீட்டில் எனக்கே சந்தேகம் வந்துவிடும் சில சமயம், நிஜமாகவே நான் இருந்தேனா என்று. அப்போது அந்தக் கறிவேப்பிலைத் துணுக்கு ஞாபகம் வரும். இருந்தேன். மண்ணில் கிடந்த டயர் தடத்தை வைத்து கீழ்க்கோர்ட்டில் குற்றம் நிரூபணம் ஆகிவிட்டது, அதுவே பெரிய விஷயம். ஏன் மண்ணில் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன், கேட்டால் பதில் சொல்கிறவள் அடுப்படியில் இருந்தாள்.

மத்தியானம் ஜட்ஜ் சாப்பிடப் போனார். இவருக்கு வெளியே போக அனுமதி இல்லை, அந்தப் பெஞ்சிலேயே டப்பாவைத் திறந்தார். நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு நன்றாகவே சாப்பிட்டார், விரலை நக்கினார். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டனை அனுபவிக்கற எடத்துல தயிர் சோறுங்ண்ணா என்று கேலி செய்தான், இரண்டு பேரும் குலுங்கினார்கள். நான் டப்பாவை வாங்கிக் கழுவக் குழாயடிக்குப் போனேன். அங்கே வேப்பமரத்து நிழலில் துளசிமணி அரசு வக்கீலைப் பிடித்து வைத்திருந்தாள். அந்த ஆள் கையில் பாதி வடை. "தண்டனை பத்தலைன்னு செத்தவங்க வீட்டுல இருந்து அப்பீல் போட முடியாதும்மா. கவர்மெண்டுதான் ஐகோர்ட்டுக்குப் போகணும். அந்தக் கோர்ட்டு நெனச்சா கூட்டலாம், அதுக்கு அதிகாரம் இருக்கு." துளசிமணி, "அப்ப போடச் சொல்லுங்க சாமி," என்றாள். "என்னத்த வெச்சுப் போடறது? தனியா வந்தேங்கறாரு, குறுக்க வந்தாங்கறாரு. எப்பிடிக் கவனிக்காம ஓட்டினாருன்னு பாத்த ஆளு ஒருத்தரு உண்டா? இருந்தாச் சொல்லு, நானே எழுதி அனுப்பறேன், அப்பறம் அந்த சாட்சியை விசாரிக்கக் கேக்கலாம். இல்லாம நான் என்ன பண்ணட்டும்?" வடையின் மீதியை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாத்த ஆளு. எனக்குச் சிரிப்பு வந்தது, குழாயடியில் தனியாக நின்று சிரித்தேன், யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். ஆறுச்சாமி செத்த நேரத்தில் தெய்வசிகாமணியின் கண் எங்கே இருந்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சி உண்டு, அந்தக் கண் அந்தச் சாட்சியின் மேல்தான் இருந்தது. துளசிமணி குழாயில் கை வைத்துத் தண்ணீர் குடித்தாள். "உங்க கேசு முடிஞ்சுதுங்களா அக்கா?" இன்னும் இல்லை என்றேன். இவரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன பெரிய வீராங்கனை, டப்பாவைத் துடைத்து மூடி வைத்தேன்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக டைப் அடிக்கிற பெண்ணின் மேசை வரைக்கும் வந்துவிட்டது. கிணற்றுக்கார வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, எழுந்திருங்கள். இன்னும் ஒரு தடவை அந்தக் கிணற்றுப் பாதையைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்து கூப்பிட்ட இரண்டு கேசுக்கும் ஆள் இல்லை, வாய்தா, வாய்தா. கைப்பைக்குள் விரலை விட்டால் சாவி தட்டுப்படுகிறது. இருட்டுகிற நேரம், லாரி வருகிற நேரம், இவர் இன்றைக்கு ஜெயித்த மிதப்பில் இருக்கிறார், என் மேல் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் புளியமரத்துப் பிரிவைத் தாண்ட மாட்டார், மூஞ்சியப் பாத்துப் பேசு, நான் பார்ப்பேன், இத்தனை வருஷமாகப் பார்த்தேனே, பார்த்துக்கொண்டே சாவேன், அல்லது வேறு எவளாவது ஒருத்தியின் ஆறுச்சாமி சாவான், அப்போதும் காரில் நான் இருக்க மாட்டேன். டவாலி நிமிர்ந்து நின்றான். ஜட்ஜ் எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். ஜட்ஜ் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான், தெய்வசிகாமணி தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டார்.

சோம்பல் முறித்துக்கொண்டே வந்தார். "முதுகு போச்சு. ஒரு தலகாணி எடுத்துட்டு வந்திருக்கலாம்ல, அறிவிருக்கா? நார்த்தங்காய எடுத்துட்டு வரத் தெரியுது." ஆரம்பித்துவிட்டார். படியிறங்கும்போதும் முகம் என் பக்கம்தான். நானும் பழக்கதோஷத்தில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். கடைசிப் படியில் யார் மேலோ இடித்தார். ஒயர் கூடை கீழே விழுந்து தண்ணீர் பாட்டிலும் ஒரு ஆரஞ்சுப் பழமும் உருண்டன. துளசிமணி. ஆறுச்சாமியின் பெண்டாட்டி என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை, வருஷக்கணக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிரே உட்கார்ந்தவள். "கண்ணு தெரியலயா உனக்கு?" என்றார். துளசிமணி குனிந்து பழத்தை எடுத்தாள். அவருக்கு அதைப் பார்க்க நேரமில்லை, சென்னியப்பன் தூரத்திலிருந்து கை காட்டினான். "நீ போயிக் காருகிட்ட நில்லு. வக்கீலப் பாத்துப்போட்டு வர்றேன்." போனார். அந்தக் குரல் என் காதுக்குள் இரண்டு தடவை கேட்டது, ஒன்று இப்போது கேட்டது, ஒன்று அப்போது கேட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டு கோர்ட்டு, எத்தனை வாய்தா, ஒரு பகல் காவல், இந்த மனுஷனில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கருவேல மரத்தடிக்குப் போனேன். கார்க் கதவு சுட்டது. உள்ளே என் துண்டு தெரிந்தது, முன் சீட்டில், நான் இருந்த இடத்தில். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். வேகமாகக்கூட நடக்கவில்லை. அவருடைய பர்ஸ், போன், வாட்ச், மோதிரம், சாவி எல்லாம் என்னோடு நடந்தன. கேட்டுக்கு வெளியே எங்கள் பக்கத்து டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது, துளசிமணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள். "உக்காருங்க்கா. நீங்களும் இந்தப் பக்கந்தானா? உங்க கேசு என்னாச்சுங்க?"

"கலஞ்சுபோச்சு," என்றேன்.

பஸ் கிளம்பி வளைவு திரும்புவதற்குள் என் பைக்குள் அவர் போன் அடித்தது. சென்னியப்பன் பெயர் தெரிந்தது. வக்கீல் போனை வாங்கித் தன் போனுக்கே அடிக்கிறார். காரைச் சுற்றி வந்து பார்த்திருப்பார், வாட்ச் இல்லாத கையைத் திருப்பி மணி பார்த்திருப்பார். அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. "எடுங்க்கா, வூட்டுக்காரருங்களா? பாவம், காத்துட்டு இருப்பாரு," என்றாள் துளசிமணி. இருக்கட்டும் என்றேன். முன் கண்ணாடி வழியாக ரோடு முழுசாகத் தெரிந்தது, ஓரத்தில் சைக்கிளில் போகிறவர்கள், ஆடு ஓட்டிக்கொண்டு போகிற பெண், ஒவ்வொருத்தராகத் தெரிந்தார்கள். டிரைவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தான். பைக்குள் கையை விட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும் துளசிமணி. நாளைக்கு அந்த அரசு வக்கீல்கிட்டயும் வந்து சொல்றேன். என்ற மூஞ்சியப் பாக்க வேண்டாம், ரோட்டப் பாத்துட்டே கேளுங்க. அன்னைக்கு அந்தக் கார்ல முன் சீட்டுல நான் இருந்தனுங்க."

துளசிமணி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.